அடுத்த ஸ்கேன் வரைக்கும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாக உதித்ததல்ல. என் மூக்குக் கண்ணாடியின் மேல் நானே உட்கார்ந்ததால் கிடைத்தது.

பிரேம் கோணிக்கொண்டு போனதும் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்குப் போனேன். அங்கே லென்ஸ் பொருத்துகிறவளைத் தெருவே 'கண்ணாடி அக்கா' என்றுதான் கூப்பிடும். என்னைவிடப் பத்து வயது இளையவள். இருந்தாலும் ஊர் வாய்க்கு அக்கா என்றால் எனக்கும் அக்காதான். பிரேமை வாங்கிச் சூடு காட்டி, மெல்ல வளைத்தபடி பேச ஆரம்பித்தாள். கண்ணாடி இல்லையென்றால் எனக்கு எதிரில் இருப்பவர் முகம் தண்ணீரில் கரைந்த சோப்புதான். ஆகவே அவள் சொன்னதையெல்லாம் முகமில்லாத ஒரு குரலிடமிருந்து கேட்டேன். இந்தக் கதையில் அன்றைக்கு அவள் முகம் இப்படி இருந்தது, அப்படி மாறியது என்று எங்காவது எழுதியிருந்தால், அங்கே நான் புளுகுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"டீச்சர், நீங்க கதை எழுதறவங்கதானே?"

(நான் யாருக்கும் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. பேனா பிடிக்கிறவர்கள் எல்லோரும் அவளுக்கு டீச்சர்.)

"ஏதோ எழுதறேன்."

"என் பொண்ணு கதையை எழுதுங்களேன். ஆனா ஒரு நிபந்தனை. அதுல நான் அழக் கூடாது."

"ஏன்?"

"அழுதா எல்லாருக்கும் சுலபமாப் போயிடுது. முதுகைத் தட்டிக் கொடுத்துட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடறாங்க."

2

எழுதி அடித்த தொடக்கம்: 'அந்த வீட்டுக்குள் காய்ச்சல் அழையாத விருந்தாளியைப் போல நுழைந்து—'

இல்லை. விருந்தாளி கதவைத் தட்டுவான்.

அடித்த இன்னொரு தொடக்கம்: 'மனித உடலின் ரத்தக் குழாய்களை எல்லாம் பிரித்து ஒன்றோடொன்று முடிந்தால் அதன் நீளம்—'

எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது. கடைசியில் அவள் சொன்ன வரியையே எடுத்துக்கொண்டேன். "அவ பேசறதை நிறுத்தினா, டீச்சர். அப்படித்தான் ஆரம்பிச்சுது."

குழந்தைக்கு அப்போது நாலு வயது. வீட்டில் அவளுக்கு 'தொணா' என்று பெயர்; தொணதொணப்பு என்பதன் சுருக்கம். கண் விழித்தால் வாய் மூடாது. ஆள் இல்லையென்றால் குழாயோடு பேசுவாள், கழற்றிப் போட்ட செருப்போடு சண்டை போடுவாள். அந்தத் தொணா, ஒரு சாயங்காலம் கண்ணாடி அக்கா கடையிலிருந்து வந்தபோது, தரையில் கன்னத்தை ஒட்டிப் படுத்திருந்தாள். பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பெண், "மத்தியானத்துல இருந்து இப்படித்தான்" என்றாள்.

"என்னடி ஆச்சு?"

பதில் இல்லை. நெற்றி கொதித்தது.

சற்று நேரத்தில் கணவர் வந்தார். குளிர்கிடங்கிலிருந்து கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகிற வண்டி ஓட்டுகிறவர். வேலையிலிருந்து வரும்போது அவர் கை எப்போதும் சில்லென்று இருக்கும். அந்தக் கையைக் குழந்தையின் நெற்றியில் வைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"நெருப்பா கொதிக்குதே!"

"உங்க கைக்கு எதுதான் கொதிக்காது? பொணத்து மேல வெச்சாக்கூட காய்ச்சல்னுதான் சொல்லும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கண்ணாடி அக்கா என்னிடம் தனியாகச் சொன்னாள்: "நாங்க சிரிச்சதை விட்டுடாதீங்க டீச்சர். அன்னிக்கு நிஜமாவே சிரிச்சோம்."

3

குழந்தைகள் டாக்டர் பார்த்தார். வைரஸ் காய்ச்சல், மருந்து கொடுங்கள், நிறையத் தண்ணீர் கொடுங்கள் என்றார். தெருவில் பாதிக் குழந்தைகளுக்கு அப்போது அதுதான். மருந்து கொடுத்தால் காலையில் இறங்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஏறும்.

பிறகு கண் சிவந்தது. கண்தான் இவள் பிழைப்பு. ஈரப் பஞ்சால் இமையைத் துடைத்துப் பார்த்தாள். பீளை இல்லை, நீர் வடியவில்லை. வெள்ளைப் பகுதி மட்டும் செவசெவவென்று இருந்தது. அழுததால் இருக்கும் என்று நினைத்தாள். அதற்கப்புறம் உதடு வெடித்தது. சூட்டில் வெடித்திருக்கும். வயிற்றில் தடிப்புகள் வந்தன. ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் இருந்தது; எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு காரணம் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மறுபடி டாக்டரிடம் போனார்கள். தொண்டை சிவந்திருக்கிறது என்று வேறு மருந்து எழுதினார்.

இந்த இடத்தில் என் முதல் பிரதியில் இப்படி இருந்தது:

'"மூணாவது தடவை போய் நின்னா அந்த டாக்டர் நம்மளைப் பைத்தியம்னு நினைப்பாங்க. பேசாம இரு" என்று அவன் எரிந்து விழுந்தான். அவள் குழந்தையை மார்போடு—'

கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் படித்துக் காட்டினேன். அவள் திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"அவர் அப்படிச் சொல்லலையே."

"கதைக்காக..."

"புரியுது. கதைக்கு ஒரு ஆள் வேணும். ஆனா அவர் சொல்லலை. மருந்து கொடுத்ததும் காய்ச்சல் இறங்கிடும் டீச்சர். இறங்கினா மனசு என்ன சொல்லும்? விட்டுடுச்சுன்னு சொல்லும். அவர் வண்டி எடுத்துட்டுப் போயிடுவார், நான் கடைக்கு வந்துடுவேன். யாரும் யாரையும் தடுக்கலை." கீழே வைத்த திருப்புளியை விரலால் உருட்டினாள். "தடுத்திருந்தா நல்லாயிருந்திருக்கும். வருஷக்கணக்கா திட்டறதுக்காவது ஒரு ஆள் கிடைச்சிருக்கும்."

அடித்துவிட்டேன். திருப்புளியைக் கையில் எடுத்தவள் மறுபடி நிமிர்ந்தாள்.

"அப்புறம், 'அவன்'னு எழுதியிருக்கீங்க. 'அவர்'னு மாத்துங்க."

மாற்றிவிட்டேன்.

4

மூன்றாவது முறை போனபோது குழந்தையின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. பாதம் இரண்டும் பணியாரம் போல உப்பியிருந்தன— (பணியாரம் வேண்டாம். உப்பியிருந்தன, அவ்வளவுதான்.) தூக்கிக்கொண்டு போனார்கள்.

டாக்டர் கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். ஸ்ட்ராபெரிப் பழம் போல, சிவந்து புள்ளி புள்ளியாக இருந்தது. கழுத்தின் ஒரு பக்கத்தில் நெறி கட்டியிருந்தது. கண்ணாடி அக்கா தனித்தனியாகப் பார்த்துத் தனித்தனியாகச் சமாதானம் சொல்லிக்கொண்டதெல்லாம் அந்த மேஜை மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்தது.

"காய்ச்சல் ஒரு நாள்கூட முழுசா விடலையா?"

"இல்லை."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "போன தடவையே எனக்குத் தோணியிருக்கணும்மா."

இந்த டாக்டரை நான் வில்லியாக்கலாம் என்று ஆசைப்பட்டிருந்தேன். அலட்சியமான, போனையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு டாக்டர். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன ஆளை வைத்துக்கொண்டு வில்லத்தனம் பண்ண முடியவில்லை. அதுமட்டுமல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். வண்டி வரும்வரை காத்திருந்த மற்றவர்களை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"அவங்க மன்னிப்பு கேட்ட மாதிரி ஆயிடுச்சு" என்றாள் கண்ணாடி அக்கா. "அதை வாங்கி எங்க வெச்சுக்கறதுன்னே எனக்குத் தெரியலை."

பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் சொன்னார்கள். கவாசாகி நோய்.

"பைக் பேரு மாதிரி இருக்கே?" என்றார் கணவர்.

யாரும் சிரிக்கவில்லை. வாயில் வந்துவிட்டது, அவர் என்ன செய்வார். இன்றைக்கும் அந்தக் கேள்வியை நினைத்தால் அவருக்குக் காது சிவக்கிறதாம்.

இதய டாக்டர் காகிதத்தில் படம் வரைந்து சொன்னார். உடம்பு முழுக்க ரத்தக் குழாய்களின் சுவர் அழற்சியில் வீங்கிவிடும். காய்ச்சல் தானாகவே போய்விடும். பயம் அதில் இல்லை. இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் இருக்கின்றன, அவற்றில் எங்காவது சுவர் பலவீனமாகிப் புடைத்துக்கொள்ளலாம். பயம் அங்கேதான்.

"எதனால வருது டாக்டர்? நான் ஏதாவது தப்பா—"

"ஏன் வருதுன்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதும்மா. நீங்க கொடுத்ததாலும் இல்லை, கொடுக்காததாலும் இல்லை."

\* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: எழுதுகிறவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். காரணம் இல்லாத துன்பத்தைக் கதை ஏற்றுக்கொள்வதில்லை. வாசகர்கள் 'அவள் என்ன செய்தாள்?' என்று கேட்பார்கள். ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடி அக்காவும் அதே கேள்வியைத்தான் தன்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள், பதிலும் அதேதான். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை என்பதுதான் எனக்குப் புரியவே நாளாயிற்று.

5

நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சொட்டுச் சொட்டாக, பொழுது பூராவும் இறங்கியது. ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து என்று நர்ஸ் சொன்னாள்.

"ஆயிரம் பேரா?" என்றார் கணவர். "இனிமே இவளை யார் வீட்டுப் பொண்ணுன்னு கேட்டா, ஊர்ப் பொண்ணுன்னுதான் சொல்லணும்."

இந்த முறை கண்ணாடி அக்கா சிரித்தாள். சிரித்த வேகத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்விட்டாள். (நிபந்தனை. உள்ளே என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது.)

காய்ச்சல் இறங்கியது. தொணா கண்ணைத் திறந்தாள். மருந்து மாட்டியிருந்த கம்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதனிடம் கேட்டாள்:

"உனக்குக் கால் வலிக்கலையா?"

அவ்வளவு நாளுக்கப்புறம் வந்த முதல் பேச்சு அதுதான். அப்பா அம்மாவிடம்கூட இல்லை, கம்பியிடம். வீட்டுக்கு வந்த பிறகு விரல் நுனித் தோல் பாம்புச் சட்டை போலக் கழன்று வந்தது. அதை உரித்து உரித்து வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துக்கொண்டிருந்தாள்.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். அழகாக முடிந்திருக்கும். ஆனால் எக்கோ ஸ்கேனில் ஒரு குழாயில் புடைப்பு இருந்தது. பெரியதில்லை. சின்னதும் இல்லை. 'பார்த்துக்கிட்டே இருக்கணும்' என்கிற அளவு.

6

இனி வருவதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதை எழுதிவிடலாம். கதைகள் அதற்கென்றே பிறந்தவை. பார்த்துக்கொண்டே இருப்பதை எப்படி எழுதுவது?

தினமும் ஒரு சின்ன மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க. அந்த மாத்திரையால் எங்கே இடித்துக்கொண்டாலும் தோல் நீலமாகக் கன்றிப்போகும். தினமும் காலையில் நெற்றியில் ஒரு கை. "அம்மா, கையை எடு" என்கிற குரலும் தினமும். ஸ்கேன் நெருங்கினால் வீட்டில் யாரும் யாரிடமும் ஒழுங்காகப் பேசமாட்டார்கள். ஸ்கேன் முடிந்து 'அப்படியே இருக்கு' என்று வந்தால் கொஞ்ச நாள் மூச்சு விடுவார்கள். அதற்குள் அடுத்தது வந்துவிடும். கண்ணாடி அக்காவிடம் யாராவது 'பொண்ணு எப்படி இருக்கா' என்று கேட்டால் 'நல்லா இருக்கா' என்பாள். 'நீ எப்படி இருக்கே' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்று கேட்டேன். "நேரமில்லைன்னு சொல்லியிருப்பேன்" என்றாள்.

போன வருஷம் ஸ்கேன் பார்த்த இதய டாக்டர், புடைப்பு நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்றார். தொணாவுக்கு அப்போது எட்டு வயது. நேராக டாக்டரையே கேட்டாள்.

"நான் ஓடலாமா? ஸ்கூல்ல தொடர் ஓட்டத்துக்கு ஆள் எடுக்கறாங்க."

"தாராளமா ஓடு."

வீடு திரும்பும் வழியில் வண்டிக்குள் தொணாவின் வாய் ஓயவில்லை. யார் முதலில் ஓடுவார்கள், யாரிடமிருந்து குச்சியை வாங்க வேண்டும், வாங்கும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்த கண்ணாடி அக்கா, வீட்டு வாசலில் வண்டி நின்றதும் சொன்னாள்:

"அடுத்த ஸ்கேன் வரைக்கும் பொறுத்துக்கோ."

"டாக்டரே சரின்னுட்டாரே" என்றார் கணவர்.

"டாக்டர் சொல்லிட்டு வீட்டுக்குப் போயிடுவார். வீட்டுல நான்தானே இருக்கேன்."

"நானும்தான் இருக்கேன்."

"நீங்க ரோட்டுல இருக்கீங்க."

கணவர் ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. தொணா கதவைத் திறந்து இறங்கினாள். "அடுத்த ஸ்கேன் வந்தா அதுக்கு அடுத்த ஸ்கேன்னு சொல்லுவே" என்றாள். அதன் பிறகு பல நாள் அம்மாவோடு பேசவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அவள் மேல் கோபம் வந்தது. அரைப் பக்கம் எழுதினேன்: 'நோயைவிடப் பயமே பெரிய நோய் என்பதை அவள் உணராமல்—'. படித்துக் காட்டாமலே அடித்துவிட்டேன். வெளியில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வருகிற வாக்கியம் அது.

7

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம், தொணா கால் கழுவும்போது முழங்காலுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றலைக் கண்ணாடி அக்கா பார்த்தாள். உள்ளங்கை அகலம்.

"இது எப்படி வந்துது?"

"விழுந்துட்டேன்."

"எங்கே?"

தொணா குழாயை மூடினாள். இனிமேல் பொய் சொல்வதற்கும் சோம்பல் வந்துவிட்ட மாதிரி ஒரு குரலில் சொன்னாள்:

"ஓடினேன். கடைசி சுத்துல விழுந்தேன்."

"யார் ஓடச் சொன்னா?"

"யாரும் சொல்லலை. என்னை விட்டுட்டு எல்லாரும் ஓடறாங்க. நான் எல்லாரோட பையையும் பார்த்துக்கறேன். ஒரு நாள் பையைக் கீழே வெச்சுட்டேன்."

அடிப்பாள், கத்துவாள், பள்ளிக்கூடத்துக்குப் போன் போடுவாள் என்றெல்லாம் தொணா எதிர்பார்த்திருப்பாள். நானும்தான் எதிர்பார்த்தேன். கண்ணாடி அக்கா ஈரத் துணியைப் பிழிந்து கன்றல் மேல் வைத்தாள். அழுத்தாமல் பிடித்துக்கொண்டே கேட்டாள்:

"எத்தனையாவதா வந்தே?"

"அதான் விழுந்துட்டேனே. கடைசி."

"விழறதுக்கு முன்னால?"

"ரெண்டாவது." கொஞ்சம் யோசித்து, "முதல்ல போனவளும் பக்கத்துலதான் இருந்தா" என்றாள்.

கண்ணாடி அக்கா துணியைத் திருப்பி வைத்தாள். அந்த வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதிலேயே இதுதான் நீளமான பேச்சு என்று என்னிடம் சொன்னாள்.

[இங்கே மூன்று வரி இருந்தது. எடுத்துவிட்டேன். நிபந்தனை என்றால் நிபந்தனை.]

8

இப்போது இந்த வருஷத்து ஸ்கேன். அதற்கு முன்னாலேயே மூன்று முடிவுகள் எழுதிக்கொண்டு போய்க் கடையில் படித்தேன்.

ஒன்று: குழாய் முழுக்கச் சரியாகிவிட்டது. டாக்டர் சிரிக்கிறார். தொணா ஓடுகிறாள்.

"அப்படியே நடந்தாலும் நான் நம்பமாட்டேன் டீச்சர். இன்னொரு தடவை பாருங்கன்னு கேட்பேன்."

இரண்டு: புடைப்பு கூடியிருக்கிறது.

"அதைக் கிழிச்சுடுங்க. எழுதினா நடந்துடும்னு இல்லை. இருந்தாலும் கிழிச்சுடுங்க."

அவள் கண் முன்னாலேயே கிழித்தேன். குப்பைக் கூடையை அவள்தான் நீட்டினாள்.

மூன்று: போன தடவை மாதிரியே இருக்கிறது. அடுத்த வருஷம் வாருங்கள்.

அதைக் கேட்டுவிட்டு ஒரு லென்ஸைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். "இதுதான் டீச்சர் எனக்கு ரொம்ப அசதியா இருக்கு" என்றாள். பிறகு, "ஸ்கேன் அன்னிக்கு அவருக்கு வெளியூர் லோடு. நீங்க கூட வர்றீங்களா?" என்று கேட்டாள்.

போனேன். எழுதுகிறவர்கள் கதைக்குள் கால் வைக்கக் கூடாது என்பார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்று கேட்கிறவளிடம் அதைச் சொல்ல முடியுமா?

முற்பகல். ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். பெயர் கூப்பிட்டதும் கண்ணாடி அக்கா எழுந்தாள். தொணா அவள் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அம்மா, நீ வெளியிலயே இரு."

"எதுக்கு? எப்பவும் நான்தானே—"

"நீ என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஸ்கிரீனையே பார்க்கறே. உன் கை நடுங்குது. அதுலதான் எனக்கு பயமா இருக்கு. ஸ்கேன்ல இல்லை."

கதவு மூடிக்கொண்டது. கண்ணாடி அக்கா மூடிய கதவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளாகவே கடைக் கதையைப் பேச ஆரம்பித்தாள்.

"நேத்து ஒருத்தர் வந்தார் டீச்சர். பொண்ணு பார்க்கப் போறாராம். பவரே இல்லை, சும்மா கண்ணாடி வேணுமாம். ஒவ்வொரு பிரேமா போட்டுப் பார்த்துட்டு என்கிட்ட கேட்கறார், இதைப் போட்டா நான் பொறுப்பான ஆள் மாதிரி—"

வாக்கியம் அங்கேயே நின்றது. திரும்பிப் பார்த்தேன். அவள் தூங்கிவிட்டிருந்தாள். பேச்சு பாதியில், வாய் லேசாகத் திறந்தபடி. தலை மெதுவாகச் சரிந்து என் தோளுக்கு வந்தது. கனமாக இருந்தது. மடியிலிருந்த பை நழுவியது, நான் பிடித்துக்கொண்டேன்.

ஸ்கேன் அறைக் கதவு திறந்து தொணா வெளியே வந்தாள்.

"டாக்டர் அம்மாவைக் கூப்பிடறார்."

"என்ன சொன்னார்?" தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"என்கிட்ட சொல்லலை. அம்மாகிட்டதான் சொல்வாராம்."

அவள் அம்மாவின் தோளைத் தொடக் கையை நீட்டினாள். கை பாதி வழியில் நின்றது. அம்மாவின் முகத்தை, அதற்கு முன் பார்க்காத ஒரு ஆளைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள். பிறகு கையை மடக்கிக்கொண்டு, மறுபக்கத்து நாற்காலியில் சத்தம் வராமல் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள். தொணாவின் நிஜப் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டாள்.

அந்த அறைக்குள் டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். பிறகு நானும் உள்ளே போனேன். ஆனால் அதை எழுத வேண்டுமானால் முதலில் இவளை எழுப்பியாக வேண்டும். எட்டுப் பகுதிகளாக இவளை நான் ஒரு நிமிஷம் உட்காரவிடவில்லை. ஓடவைத்தேன், தூக்கிச் சுமக்கவைத்தேன், காத்திருக்கவைத்தேன், அழக்கூட விடவில்லை. இனி என்னால் முடியாது.

முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்றால், இதோ, எங்கள் எதிரில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. வந்து நீங்களே எழுப்பிக்கொள்ளுங்கள். தோளை மெல்லத் தொட்டால் போதும், விழித்துக்கொள்வாள். விழித்ததும் முதலில் கதவைத்தான் பார்ப்பாள்.

அவ்வளவு அவசரமில்லை என்றால், எங்களோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள்.